மழை மாதத்தின் வருமானம்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருபது வருடங்களாக மேசன் வேலை செய்து, பலருடைய வீடுகளுக்கு அத்திவாரம் போட்ட நான், என் வீட்டுக் கூரைக்காகக் கடன் கேட்டு வங்கி ஒன்றுக்குச் சென்றபோது, சம்பளப் பட்டியலும் ஆறு மாத வங்கிக் கூற்றும் கொண்டுவருமாறு கூறினார்கள். எனக்குக் கூலி கையில் காசாகவே கிடைக்கிறது. அது கணக்கில் விழுவதற்கு முன்பே கடைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் போய்விடுகிறது.

கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வருமானச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடுவித்துக் கொடுத்தேன். அதில் மாதத்துக்கு ஒரு தொகைதான் எழுதப்பட்டிருந்தது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை வெளிப்பூச்சு வேலை ஏறக்குறைய நின்றுபோவதையும், வெயில் மாதங்களில் ஞாயிறுகூட ஓய்வில்லாதிருப்பதையும் அந்த ஒற்றை எண்ணுக்குள் எப்படி அடக்குவது?

கடன் வாங்கியவர்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும், 1990இல் இயங்கத் தொடங்கிய கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் எனக்கு நிலுவை எதுவும் இல்லை. கடனே வாங்காதவனுக்குக் கடன் வரலாறும் இல்லை என்பதே அங்கு குறையாகிவிட்டது. (சீட்டுக்காசை ஒரு மாதமும் தவறாமல் கட்டியதை எவரும் பதிவதில்லை.)

இப்போது கூலி முழுவதையும் முதலில் வங்கியிலிட்டுப் பிறகே எடுக்கிறேன். கொப்பியில் நாளும் தொகையும் எழுதி, வேலை தந்த வீட்டுக்காரரின் கையொப்பத்தையும் வாங்குகிறேன். ஆறு மாதம் நிறைந்ததும் மீண்டும் செல்வேன்.