எந்தப் பக்கம் துடைப்பது?

காலையிலிருந்து மாமா ஹால் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வினிகர், பழைய செய்தித்தாள், பனியன் துணி எல்லாம் தோற்று, அத்தையின் மூக்குக்கண்ணாடித் துணி வரை வந்தாயிற்று. மூட்டம் அசையவில்லை. உள்ளே நின்று துடைத்தால் வெளியே இருக்கிறது; வெளியே போய்த் துடைத்தால் உள்ளே இருக்கிறது.

இருப்பது நடுவில், மாமா. இது இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இரண்டு கண்ணாடிக்கும் இடையே 16 மில்லிமீட்டர் இடைவெளி, ஓரத்தில் இரண்டையும் விலக்கிப் பிடிக்கிற ஸ்பேசர் சட்டம், அதன் வயிற்றில் ஈரம் உறிஞ்சும் குருணை, சுற்றிலும் இரண்டு அடுக்கு சீல். சீல் விட்டால் ஈரக்காற்று நுழையும். குருணை முடிந்த மட்டும் குடித்துவிட்டுக் கையை விரித்துவிடும். அப்புறம் செய்தித்தாளுக்கு அங்கே என்ன வேலை?

"மொத்த ஜன்னலையும் பிடுங்கிப் போடணும்" என்றார், போர் அறிவிக்கிற குரலில். ஃபிரேம் கல்லு மாதிரி இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரப்பட்டையை, அதாவது பீடிங்கை, நெம்பி எடுத்து, இரட்டைக் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். நீளம், அகலம், மொத்தத் தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் வேண்டும். கண்ணாடி, இடைவெளி, கண்ணாடி 4-16-4 என்றால் மொத்தம் 24. மாமா எடுத்த அளவு "ரெண்டு முழம், கொஞ்சம் கம்மி."

மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சும், இடையில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவும் உள்ளதாகவே வாங்கலாம். வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று சொல்லும் யு மதிப்பு ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8 பக்கம், சாதா இரட்டைக்கு 2.8, இதற்கு 1.2 வாக்கில். குறையக் குறைய வெப்பம் கடப்பது குறையும். வெயில்தான் தொல்லை என்றால் பூச்சு வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் இருக்கவேண்டும். திருப்பி மாட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ராத்திரி லைட்டர் சுடரைக் காட்டினால், கண்ணாடி முகத்துக்கு ஒன்றாக நாலு பிம்பம் தெரியும். நிறம் மாறித் தெரிவதுதான் பூச்சு. நம் பக்கமிருந்து எண்ணினால் அது மூன்றாவதாக வரவேண்டும். மாமா லைட்டரை எடுத்தார். அத்தை முதலில் திரைச்சீலையைக் கழற்றினாள்.

பைக் சத்தம் கேட்கிறது என்பது அடுத்த புகார். இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனானால் ஒரே சுருதியில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்தும். ஒன்று 6 மில்லிமீட்டர், மற்றது 4 என்று போட்டால் அடங்கும். ஆனால் கதவோரத்து ரப்பர் தளர்ந்திருந்தால் எதுவும் உதவாது. ஜன்னலைச் சாத்தும்போது இடையில் ஒரு தாளை வைத்து இழுங்கள்; இறுகப் பிடித்தால் ரப்பர் சரி. நம் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

சரி, சீல் ஏன் போனது? ஃபிரேமின் அடியில், வெளிப்பக்கம் குட்டித் துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் கொஞ்சம் ஃபிரேமுக்குள் போகத்தான் செய்யும். வடிகிற வழி அதுதான். அடைத்தால் யூனிட்டின் அடிவிளிம்பு தண்ணீரிலேயே ஊறும், சீல் எத்தனை நாள் தாங்கும்? அந்தத் துளைகளை, எறும்பு வருகிறதென்று, சிலிக்கோன் பசை வைத்து அழகாகப் பூசியவர் யாரென்று அத்தை கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது மாமா கொண்டை ஊசியால் குடைந்துகொண்டிருக்கிறார். முதல் துளை திறந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் வந்தது. பின்னாலேயே ஓர் எறும்பும்.