அரிசி டிரம்மில் போன லெமன் செட்

வீடு மாற்றுகிறோம் என்றதும் எங்கள் வீட்டில் பீரோவைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ யாரும் கவலைப்படவில்லை. கிரைண்டர் தானாக எழுந்து நடந்து காட்பாடி வந்துவிடும் என்கிற நம்பிக்கை. பேச்செல்லாம் அம்மா கல்யாணத்துக்கு வந்த லெமன் செட்டைப் பற்றித்தான். ஒரு ஜக்கு, வாய் ஓரத்தில் தங்கக் கோடு போட்ட டம்ளர்கள், எல்லாவற்றிலும் ஆரஞ்சுப் பழப் படம் (லெமன் செட்டில் ஏன் ஆரஞ்சு என்று கேட்கக் கூடாது). எனக்கு நினைவு தெரிந்து அதில் யாரும் எதுவும் குடித்ததில்லை. "யாராவது பெரிய மனுசங்க வந்தா எடுக்கலாம்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே ஷோகேஸ் கதவு துருப்பிடித்துவிட்டது. வேலூர் கொசப்பேட்டை சந்துக்குள் எந்தப் பெரிய மனுசன் வரப்போகிறான்? தேர்தலுக்கு வருகிறவர்கள்கூட ரோட்டிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆறு டம்ளர் ஐந்தானது சித்தி புண்ணியம். கனமான கிளாஸ்தானே, தாங்கும் என்று கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிவிட்டாள். கனமான கண்ணாடிதான் சூட்டுக்கு முதலில் விரிசல் விடும் என்று அவளுக்கு யார் சொல்வது? உள்பக்கம் சூடேறி விரிந்துகொண்டிருக்கும்போது வெளிப்பக்கத்துக்குச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது, அந்த இழுபறியில் 'டப்'. போரோசில் கண்ணாடி இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால் அடுப்படியில் பிழைத்துக்கொள்கிறது. சித்தி இன்றுவரை "மட்டமான கிளாஸுக்கா, நான் என்ன பண்ணுவேன்" என்றுதான் சொல்கிறாள். அம்மா இன்றுவரை அவளுக்கு டீ கொடுப்பது எவர்சில்வரில்தான்.

மாமா பெங்களூரிலிருந்து வீடியோ காலில் பாடம் எடுத்தார். மாப்பிள்ளை என்பதால் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு "சரிங்க மாப்ளே, சரிங்க மாப்ளே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். மனுசன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடித்தட்டுதான் மொத்த எடையையும் வாங்கும், அதனால் அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நிற்கவைக்க வேண்டும். டம்ளருக்குள் டம்ளர் போடக் கூடாது, சிக்கிக்கொண்டால் எடுக்கும்போது ஒன்று போகும். விளிம்பும் பிடியும்தான் முதலில் உடையும், அங்கே கூடுதலாகச் சுற்ற வேண்டும். பெரிய அட்டைப்பெட்டி ஆகாது, கனம் தாங்காமல் தூக்குகிறவனே போட்டுவிடுவான். கடைசியாகப் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும். இதற்காக பபுள் ரேப் ஒரு சுருளே அனுப்பிவைத்திருந்தார். அக்கா பிள்ளைகள் இரண்டும் லீவுக்கு இங்கேதான் இருக்கின்றன. மத்தியானம் பெரியவர்கள் கண் அசந்த நேரத்தில் அந்தச் சுருளில் ஒரு குமிழி மிச்சமில்லை. பட் பட் என்று கேட்டதை ஆயா (அப்பாவைப் பெற்றவள்), ஜன்னல் தகரத்தில் மழை விழுகிறது என்று நினைத்து மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்க ஓடியிருக்கிறாள். மே மாதத்தில், வேலூரில், மழை!

சரி, பழைய பேப்பரே போதும் என்று முடிவானது. அந்த வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா எந்தப் பேப்பரையும் படிக்காமல் கசக்க மாட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன படம் கிடைத்தது, அதை மடித்துத் தனியாக வைத்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் போனாலே பத்திரப்படுத்த வேண்டிய செய்தி, எங்கள் ஊர் அப்படி. அடுத்து 2019-இல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்த சேதி. "பாருடா, எந்தப் பேக்கிங்கும் இல்லாம மூணா உடைச்சாங்க" என்றார். ஆயாவுக்கு இந்தக் கணக்கே ஆகாது, அவளுக்கு எல்லாம் இன்னும் வடாற்காடு ஜில்லாதான். சாயங்காலம் ஆனபோது படித்து முடித்த பேப்பர் நிறைய, கட்டிய சாசர் கொஞ்சம்.

இதில் அப்பாவின் இன்னொரு யோசனை, 'கண்ணாடி' என்று எழுதினால்தான் லோடுமேன்கள் பயந்து தூக்குவார்கள் என்பது. மார்க்கரை எடுத்தவர் எல்லாப் பெட்டியிலும் மூட்டையிலும் எழுதிவிட்டார். மறுநாள் ஒரு பையன் ஒரு மூட்டையைத் தூக்க முடியாமல் நிமிர்ந்து, "அண்ணே, கிரைண்டர் கல்லும் கண்ணாடியாண்ணே?" என்றான்.

இத்தனை அமர்க்களத்தில் ஆயா யாரிடமும் கேட்கவில்லை. ராத்திரி நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷோகேஸைத் திறந்து, என் பழைய ஸ்கூல் சாக்ஸில் டம்ளரை ஒவ்வொன்றாக நுழைத்து, ஜக்குக்குத் தன் நூல் புடவையைச் சுற்றி, எல்லாவற்றையும் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். முழங்கை வரை அரிசிமாவு. அம்மா பார்த்துவிட்டு அலறினாள்.

"இன்னாத்துக்கு கத்தினுகிறே? புது வூட்டுக்கு மொதல்ல அரிசிதான போவணும்? அதுங்கூட இதுவும் போவுது."

"ஒடைஞ்சா அரிசில கண்ணாடி கலந்துடும் அத்தே!"

"சத்துவாச்சாரிலேர்ந்து சாமியையே லாரில வெச்சி கோட்டைக்கு இட்டாந்த ஊரு இது. லெமன் செட்டு போவாதா?"

இதற்கு யாரிடமும் பதிலில்லை. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து லாரியில் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்த கதையை ஆயா எடுத்துவிட்டால் அதோடு வாக்குவாதம் முடிந்தது. வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் அந்த லாரி வரும், என் மார்க் ஷீட் வந்தபோதும் வந்தது.

காலையில் குட்டி யானை வந்தது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி அடுத்த பள்ளத்தில் ஏறும்போதெல்லாம் அம்மா பின்னால் என் பைக்கில் உட்கார்ந்து "முருகா" என்றாள். கிரீன் சர்க்கிளில் வழக்கம்போல் நெரிசல். பாலாற்றுப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. விருதம்பட்டு தாண்டியதும் எந்த அடையாளமும் இல்லாத ஒரு வேகத்தடை, பெயின்ட்டும் இல்லை பலகையும் இல்லை. வண்டியில் இருந்த எல்லாம் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தன. இப்படி ஊரில் பாதி வேகத்தடைகளை ராத்திரியோடு ராத்திரியாக யார் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அம்மாவின் நகம் என் தோளில் இன்னும் இருக்கிறது.

காந்தி நகர் வந்து இறக்கினால், மாமா சொன்னபடி கட்டிய பெட்டிகளில் ஒரு கீறல் இல்லை. அரிசி டிரம்மிலும் ஒன்றும் ஆகவில்லை. நசுங்கியது ஆயாவின் எவர்சில்வர் குடம் ஒன்றுதான், அதை யாரும் எதிலும் சுற்றவில்லை. ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "போவட்டும்" என்றாள்.

அப்புறம்தான் விஷயம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தூக்கிய பையன்கள் நாலு பேரும் டிரைவரும் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எலுமிச்சம்பழ ஜூஸ் கலந்துவிட்டு எவர்சில்வர் டம்ளர் எந்தப் பெட்டியில் என்று தேடிக்கொண்டிருக்க (எல்லாவற்றிலும் 'கண்ணாடி' என்றல்லவா இருக்கிறது), ஆயா டிரம்மைத் திறந்து கையை விட்டுத் துழாவி, சாக்ஸை உருவி, ஐந்து டம்ளரையும் கழுவி அதிலேயே ஊற்றிக் கொண்டுபோய்விட்டாள்.

அம்மா அடுக்களை வாசலில் அப்படியே நின்றாள். தடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கிரைண்டர் கல்லைத் தூக்கிய பையன் கையை லுங்கியில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, டம்ளரை அடியில் ஒரு கை கொடுத்து வாங்கினான். "நல்லாக்கீது ஆயா, புதுசா?" என்றான். அம்மா, "சக்கரை போதுமா பாருப்பா" என்றாள். அவ்வளவுதான். குடித்து முடித்ததும் அவனே எழுந்து போய்க் குழாயடியில் ஐந்தையும் கழுவிக் கவிழ்த்துவைத்தான். அந்த இரண்டு நிமிடம் அம்மா மூச்சுவிட்டாளா என்று தெரியவில்லை, பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சரியாக அந்த நேரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் மாமா வந்து இறங்கினார். அவருக்கு நசுங்காத ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஜூஸ் வந்தது. படிக்கட்டைப் பார்த்தார், கையில் இருப்பதைப் பார்த்தார்.

"என்ன ஆயா, எனக்கு அதுல இல்லையா?"

"நீங்க போன்லதான மாப்ளே தூக்கினீங்க."

பெங்களூர் திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியும் மாமா இதையே பேசிக்கொண்டு வந்தார் என்று அக்கா போன் செய்தாள். இப்போது ஆறு டம்ளருள்ள புது செட் ஒன்று ஆன்லைனில் எங்கள் வீட்டு முகவரிக்கே ஆர்டர் போட்டிருக்கிறாராம், தனக்கென்று. டெலிவரிப் பையன் அதை எப்படி வைத்துவிட்டுப் போகிறான் என்று பார்க்க அப்பா கேட்டருகே நாற்காலி போட்டு, அந்தப் பாலாற்று வெள்ளப் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார்.