வற்றாத குளத்தில் ஒரு படி: என் காஃபர்டேம் முயற்சி

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தோப்புக்குள் ஓர் ஊற்றுக்குளம் உண்டு. ரெண்டு மழையும் வாங்குகிற மாவட்டம். கோடையிலும் இது வற்றி நான் பார்த்ததில்லை. அதன் படித்துறையில் நாலாவது படியின் கருங்கல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. குளத்தை முழுக்க இறைத்தால் மீன் போகும், டீசலும் கட்டாது. படியைச் சுற்றி மட்டும் அடைத்து உள்ளே இருக்கிற தண்ணியை இறைத்தால் என்ன? ஆற்றுக்குள் பாலத்தூண் எழுப்புகிறவர்கள் கட்டுகிற காஃபர்டேமும் இதுதான். சின்ன வயதில் ஓடையில் சேற்றை அணைத்து, தண்ணியை இறைத்து மீன் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல.

படியை ஒட்டி மூன்று பக்கம் அடைக்க வேண்டும். நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை, ஆழம் 60 செ.மீ.; உள்ளே சுமார் 1,800 லிட்டர்.

முதல் தடவை மணல் மூட்டையை ஒற்றை வரிசையாக அடுக்கினேன். அரை ஹெச்பி மோட்டார் ஓடியும் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் நடு மூட்டைகள் உள்பக்கமாகச் சரிந்தன. கணக்குப் போட்டேன்: இந்த ஆழத்தில் ஒரு மீட்டர் சுவரைத் தண்ணீர் தள்ளுவது சுமார் 180 கிலோ பாரத்துக்குச் சமம். ஆழம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. இடுப்புக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடத்தில் இதை நான் செய்யவே மாட்டேன்.

அடுத்து ரெண்டு வரிசை கமுகு வாரி (பிளந்த பாக்குமரச் சட்டம்) அடித்து, ஒன்றரை அடி இடைவெளியில் வயல் களிமண். உள்பக்கம் ரப்பர் மரக் கம்பால் முட்டு. 2,000 வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக்கலைஞர் எழுதிவைத்த முறையும் ஏறக்குறைய இதுவே. அவர் களிமண்ணை நாணல் கூடையில் நிறைக்கச் சொல்கிறார். நான் கட்டி கட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டா கரையிலிருந்து, "மக்களே, மண்ணப் போட்டா போதாது, சவிட்டணும் கேட்டியா" என்றார். அரையடிக்கு ஒரு தடவை வெறுங்காலால் சவிட்டினோம். களியும் கருங்கல்லும் சேரும் இடத்தில் சேற்றில் தோய்த்த சாக்கைத் திணித்தோம். சுவர் நின்றது.

ஆனால் தரை நிற்கவில்லை. தண்ணீர் பாதி வற்றியதும் ஒரு மூலையில் மணல் குமிழி விட்டுக் கொதித்தது, உலையில் அரிசி புரள்வது மாதிரி. வெளியே இருக்கிற தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து மேலே வருகிறது. தண்ணீர் வந்தால் பரவாயில்லை. கலங்கி வந்தால்தான் ஆபத்து, சுவரின் காலடி மண் அதோடு போய்விடும். உடனே மோட்டாரை நிறுத்தி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஏற விட்டேன். கொதித்த இடத்தில் முதலில் ஆற்றுமணல், அதன்மேல் பொடிஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி பரப்பினேன். மண் தங்கியது, தண்ணீர் மட்டும் தெளிந்து கசிந்தது. அதை ஓரக் குழிக்குத் திருப்பி, அங்கிருந்து இறைத்தோம். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த நேரம் அதுதான்.

மறுநாள் கடப்பாரையால் கல்லை நெம்பி, அடியில் ஜல்லியும் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையும் இடித்து இறக்கினோம். கலவை இறுக ரெண்டு நாள், ராத்திரி உட்பட, முறை வைத்து இறைத்தோம். பிறகு ஹோஸ் வழியாக மெல்லத் தண்ணீர் விட்டு, உள்ளும் வெளியும் சமமானதும் வாரிகளைப் பிடுங்கினேன்.

களிமண்ணை ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். இடப்பக்கம் இன்னொரு கல்லும் ஆடுகிறது.