ஃபைன் கட்டிவிட்டு வருவதற்கு முன்

மடைத் தண்ணீர்த் தகராறில் மம்பட்டிக் கணையால் ஒரு அடி. பக்கத்து வயல் மோட்டாரின் காப்பர் வயரை அறுத்து விற்றது. மன்னார்குடியானாலும் கும்பகோணமானாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இந்த மாதிரி வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. வாய்தாவுக்கு அலைந்து சலித்த குடும்பம் கடைசியில் சொல்வது: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வாடா."

ஃபைனும் தண்டனைதான். சிறையோ ஃபைனோ விதிக்காமல், கண்டித்தோ பிணைப் பத்திரம் எழுதி வாங்கியோ விடுவதற்கு 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதே குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டால், அந்தத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு பிரிவு 12-இன்படி வராது. ஃபைன் கட்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த விடுவிப்பு ஜாமீனும் இல்லை, பரோலும் இல்லை. ஜாமீன் தீர்ப்புக்கு முன்னால் வருவது. பரோல் சிறைக்குப் போனபின் வருவது. ஆர்.டி.ஓ. முன்னால் போலீஸ் நிறுத்தி எழுதி வாங்கும் பிணையும் இது இல்லை. குற்றவாளி என்று கோர்ட் முடிவு செய்து, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்கும் அந்தச் சில நிமிடத்தில் வாய் திறந்து கேட்க வேண்டியது இது. வக்கீல் கையில் எழுதிய மனுவாக இருந்தால் இன்னும் நல்லது.

பிரிவு 3-இல் கண்டித்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். திருட்டு, மோசடி போன்ற குறிப்பிட்ட குற்றங்களுக்கும், 2 ஆண்டுக்கு மேல் சிறை இல்லாத குற்றங்களுக்கும் இது பொருந்தும். முன்தண்டனை இருக்கக் கூடாது. இதே சட்டத்தில் ஒருமுறை தப்பியிருந்தால் இங்கே அதுவும் முன்தண்டனைக் கணக்குதான்.

பிரிவு 4 அகலமானது. மரணம் அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சம் 3 ஆண்டுக்கு, ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப் பத்திரம். நன்னடத்தை அலுவலரின் கீழ் இருக்கவேண்டும் என்ற கண்காணிப்பு உத்தரவும் சேர்ந்தால் அது ஓராண்டுக்குக் குறையாது. கஞ்சா விற்ற வழக்கில் 18 வயது நிறைந்தவருக்கு இந்த வழி அடைப்பு. கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டி ஆளைக் கொன்ற வழக்குகளில் பொதுவாகத் தரவேண்டாம் என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

21 வயதுக்குக் கீழ் என்றால் பிரிவு 6. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, சிறைக்கு அனுப்புவதானால் கோர்ட் காரணம் எழுதவேண்டும்; நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் கணக்கு குற்றம் நடந்த நாளின் வயது அல்ல, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளின் வயது. 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம் இது. 19 வயதில் அடிதடி, வாய்தா வாங்கி வாங்கி 22-இல் தீர்ப்பு என்றால் பிரிவு 6 கைவிட்டுப் போயிற்று. இழுத்தடிப்பது எப்போதும் லாபம் என்று நினைப்பவர்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒருதரம் எடுத்துப் பார்க்கட்டும்.

அடுத்து அலுவலரின் விசாரணை. வீட்டு நிலை, வேலை, படிப்பு, குடி, கூட்டாளிகள் எல்லாம் கேட்பார், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். குடிப்பழக்கத்தை அம்மா மறைத்தால் பக்கத்து வீடு சொல்லிவிடும், அப்புறம் மற்ற பதில்களையும் யாரும் நம்பமாட்டார்கள். நம் பக்கத்தில் அதிகம் கெடுவது வேறு விதத்தில்: பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். பிணைக்கு, அவனோ ஜாமீன்தாரரோ அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ நிலையான தொழிலோ வைத்திருக்கவேண்டும். ஊரிலேயே இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ வீட்டு வரி ரசீதோடு ஜாமீன்தாரராக வந்தால் போதும்.

கண்காணிப்பு உத்தரவில் இருப்பிட நிபந்தனை இருந்தால், வேலை கிடைத்தது என்று சொல்லாமல் கிளம்பிவிடக் கூடாது. நன்னடத்தை அலுவலரிடம் சொல்லி, அவர் மூலம் பிரிவு 8-இல் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரும். முதல் மீறலுக்கு அதற்குப் பதில் 50 ரூபாய் வரை அபராதத்தோடும் விடலாம். 1958-இன் 50 ரூபாய், இன்னும் அப்படியே நிற்கிறது.

பிரிவு 12 குற்றத்தீர்ப்பையே அழித்துவிடாது. வேலைப் படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உண்டு என்றே எழுதுங்கள். அரசு வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கையும் வரலாம்.

மாஜிஸ்திரேட் மறுத்தாலும் செஷன்ஸ் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ அப்பீலில் இதைத் தரலாம், பிரிவு 11. விடுதலை கேட்கும் அப்பீல் மனுவிலேயே இதையும் மாற்றுக் கோரிக்கையாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.