வேலை தெரிந்தவரும் வேலை வாங்கத் தெரிந்தவரும்

2018இல் இத்தாலியின் இன்டர் மிலான் கால்பந்து கிளப் தன் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தியது. வந்தவர் கிறிஸ்டியன் கிவு. அதே கிளப்புக்காக, ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியில் ஆடி வென்றவர். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்கும் ரொமேனியத் தேசிய அணிக்கும் கேப்டனாக இருந்தவர், நாட்டுக்காக 75 ஆட்டங்கள் ஆடியவர். அப்படிப்பட்டவர், ஷூ லேஸ் அவிழ்ந்தால் அம்மாவைத் தேடும் வயதை இப்போதுதான் தாண்டிய பையன்களிடம் போய் விசில் ஊதிக்கொண்டு நின்றார். பெயரை வைத்தே ஒரு நல்ல சீனியர் அணியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

நான் ஆலைப் பராமரிப்பில் வேலை பார்த்து, பிறகு புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு மாறியவன். எங்கள் பக்கத்தில் பதவி உயர்வு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். வேலை சுத்தமாகச் செய்கிற ஃபிட்டர் யாரோ, அவரைப் பிடித்து சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். போன வாரம் வரை படுத்துப் புரண்டு பம்பைத் தானே கழற்றி மாட்டியவர், இந்த வாரம் நான்கு பேரை வைத்து அதே வேலையை முடிக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. பையன் போல்ட்டைத் திருகும் விதத்தைப் பார்த்துப் பொறுக்காமல் ஸ்பேனரைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவார். வேலை ஆகிவிடும், பையன் எதுவும் கற்றிருக்க மாட்டான். நல்ல ஃபிட்டர் ஒருவரை இழந்து சுமாரான சூப்பர்வைசர் ஒருவரைப் பெற்றோம் என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம். கிவுவின் கதை எனக்கு ஒட்டிக்கொண்டது இதனால்தான்.

ரொமேனியாவின் தென்மேற்கில், பனாத் பகுதியில் ரெஷித்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1771இல் அங்கே இரும்பு உருக்கும் உலை மூட்டினார்கள். அதிலிருந்து எஃகும் ரயில் எஞ்சினும்தான் ஊருக்குச் சோறு போட்டன. 1980 அக்டோபர் 26 அன்று கிவு பிறந்தது அங்கேதான். அப்பா மிர்ச்சா கிவுவும் கால்பந்தாட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். இன்றைக்கு ரெஷித்சா மைதானத்துக்கு அப்பாவின் பெயர்தான். ஐரோப்பாவையே வென்று வந்த மகனின் பெயரை அல்ல, உள்ளூரில் இருந்து பிள்ளைகளை ஆட வைத்தவரின் பெயரை ஊர் வைத்திருக்கிறது. ஊர்களுக்குச் சில நேரம் நல்ல கணக்கு இருக்கும்.

ரெஷித்சாவிலிருந்து கிரயோவா, அங்கிருந்து 1999இல் ஆம்ஸ்டர்டாம். அயாக்ஸ் வாங்கியபோது அவருக்கு 18 வயது. மறு வருடம் யூரோ 2000இல் ஷார்லருவா நகரில் இங்கிலாந்துக்கு எதிராக இடது பக்கமிருந்து அவர் தூக்கிப் போட்ட பந்து, எல்லாரையும் தாண்டி, தூரக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோலுக்கு அடித்தாரா, சக ஆட்டக்காரருக்குக் கொடுத்தாரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ரொமேனியா 3-2 என்று வென்றது, இங்கிலாந்து வீட்டுக்குப் போனது. அயாக்ஸில் சிறு வயதிலேயே கேப்டன் பட்டை. 2002இல் லீக்கும் கோப்பையும். 2003 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், இப்ராஹிமோவிச்சும் ஸ்னைடரும் வான் டெர் வார்ட்டும் இருந்த அந்த இளம் அணி, கடைசி நிமிடக் கோலில் இன்டரின் ஊர்ப் போட்டியாளரான ஏசி மிலானிடம் தோற்றது. அந்தக் கோடையிலேயே ரோமா அவரை வாங்கியது. 2007இல் இன்டருக்கு வந்தார்.

இங்கேதான் அவருடைய வேலையின் தன்மை மாறுகிறது. அயாக்ஸில் அவர் கேப்டன், முதல் பெயர். இன்டரில் பயிற்சியாளர் மொரின்யோவின் கீழ், தடுப்பு வரிசையின் நடுவில் லூசியோவும் சாமுவேலும் நிலைத்துவிட்டதால், இவர் இடது ஓரத்துக்குப் போனார். தேசிய அணியிலோ யூரோ 2008இல் நடுக்களத்தில் நிறுத்தினார்கள். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே இவர். பராமரிப்பு வேலையும், கோலைத் தடுக்கும் டிஃபென்டர் வேலையும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி: மெஷின் ஓடும்வரை நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால் நம் பெயரைத்தான் மைக்கில் கூப்பிடுவார்கள்.

2010 ஜனவரி 6. வெரோனாவில் கியெவோ அணியுடன் ஆட்டம். உயரே வந்த பந்துக்காக கிவுவும் எதிரணி முன்கள வீரர் பெலிசியரும் ஒன்றாக எழும்பினார்கள். தலையும் தலையும் மோதின. கிவுவின் மண்டையோடு உடைந்தது. அன்றே அந்த ஊர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. எங்கள் தொழிலில் இப்படி ஒரு விபத்து நடந்தால், பிழைத்து வந்தவருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை கொடுப்பார்கள். அவரும் மறுக்க மாட்டார், வீட்டிலும் விட மாட்டார்கள். இவர் மார்ச் மாதமே ரக்பி ஆட்டக்காரர்கள் போடுவதைப் போன்ற கறுப்புத் தலைக்காப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இருந்தார். அது வீரமா, அவசரமா என்று எனக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை. என் ஷிஃப்டில் ஒருவர் அப்படி வந்து நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 28ஆம் தேதி பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். மிலானில் 3-1 என்று வென்றுவிட்டு வந்திருக்கிறது இன்டர். முதல் பதினொருவரில் கிவு இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் முன்கள வீரர் பாண்டெவுக்குக் காயம். அவர் இடத்தில் யார்? ஒரு டிஃபென்டர். கிவுவை இடது பக்க நடுக்களத்தில் இறக்கினார் மொரின்யோ. தயாராக நேரமில்லை, பழகிய இடமும் இல்லை, எதிரில் மெஸ்ஸி. 28ஆம் நிமிடத்தில் தியாகோ மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு மிச்ச நேரம் முழுக்கத் தடுப்பாட்டம்தான். கோல் அடிக்கிற எட்டோகூடப் பின்னால் வந்து ஓரத்தைக் காத்தார். 84ஆம் நிமிடத்தில் பிக்கே ஒரு கோல் போட்டார், அத்தோடு சரி. மொத்தத்தில் 3-2. மே 22 அன்று மாட்ரிட்டில் பயர்னுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கிவு முதல் பதினொருவரில் இருந்தார், லெஃப்ட் பேக்காக. மிலிட்டோவின் இரண்டு கோல்கள், 2-0. லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என ஒரே பருவத்தில் மூன்றையும் எடுத்த முதல் இத்தாலிய அணி அது. மூன்று பதக்கங்களிலும் கிவுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயருக்கு வர நேரமாகும்.

அவரை மகான் ஆக்குவது என் வேலையில்லை. 2011 பிப்ரவரியில் பாரி அணியுடனான ஆட்டத்தில், பந்து வேறெங்கோ இருக்கும்போது எதிரணியின் மார்கோ ரோஸ்ஸியை முகத்தில் குத்தினார். நடுவர் பார்க்கவில்லை, கேமரா பார்த்தது. நான்கு ஆட்டத் தடை. ஆட்டம் முடிந்த கையோடு தொலைக்காட்சியில் வந்து, கண் கலங்க, வெட்கப்படுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கோபம் எல்லாருக்கும் வரும். யாரும் விசாரணைக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே, காரணம் எதுவும் அடுக்காமல், நான்தான் என்று சொல்பவர்களை நான் பணியிடங்களில் அதிகம் பார்த்ததில்லை.

காலில் தொடர்ந்து காயங்கள். 2014 மார்ச்சில், 33 வயதில், ஆட்டத்தை விட்டார். பிறகு நான்கு வருடம் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இல்லை. அடுத்து வந்ததுதான் அந்தப் 14 வயதுப் பிள்ளைகள். அங்கிருந்து 17 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர், 2021இல் பிரிமவேரா எனப்படும் மூத்த இளையோர் அணி. 2022இல் அந்த அணி இறுதிப் போட்டியில் ரோமாவைக் கூடுதல் நேரத்தில் வென்று இத்தாலிய இளையோர் பட்டத்தை எடுத்தது.

இந்த வருடங்களைப் பத்திரிகைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கோ கதையின் கனமே இங்கேதான். பையன் செய்கிற பிழையை அவன் காலிலேயே விட்டுவைத்து, அவனே திருத்தும்வரை கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஸ்பேனரைப் பிடுங்கக் கூடாது. அதிலும் பதினான்கு வயதுக்காரனுக்கு நீங்கள் வாங்கிய பதக்கம் ஒரு வாரத்துக்குத்தான் பெரிது. இரண்டாவது வாரம் நீங்கள் சொல்வது விளங்குகிறதா என்று மட்டும் பார்ப்பான். விளங்கவில்லை என்றால் முகத்தில் தெரிந்துவிடும். பெரியவர்கள்தான் தலையாட்டி மறைப்பார்கள். பயிற்சிப் பிரிவுக்கு வந்த புதிதில் எனக்கு உதவியதும் அந்த மறைக்கத் தெரியாத முகங்கள்தான்.

2024 கோடையில் இன்டரை விட்டார். 2025 பிப்ரவரியில் பார்மா கூப்பிட்டது: கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் மண்டலத்தில் கிடந்த அணி, மிச்சம் 13 ஆட்டங்கள். சீனியர் அணியில் அவருடைய முதல் வேலை. பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. மூன்று வெற்றி, ஏழு டிரா, மூன்று தோல்வி. ஏழு டிரா என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். மூழ்கும் அணிக்கு ஒவ்வொரு புள்ளியும் மூச்சு. அதில் ஒரு டிரா இன்டருக்கு எதிராக. இரண்டு கோல் பின்தங்கியிருந்த பார்மா 2-2 என்று முடித்தது. இன்னொன்று நாபோலிக்கு எதிராக, 0-0. நாபோலி 82 புள்ளிகளோடு பட்டம் வாங்கியது, இன்டர் 81. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு புள்ளியை வெட்டிவிட்டு, கடைசி நாளில் அட்டலாண்டாவையும் 3-2 என்று வென்று பார்மா தப்பித்தது.

மே 31 அன்று மியூனிக்கில், சாம்பியன்ஸ் லீக் இறுதியில், இன்டர் பிஎஸ்ஜியிடம் 5-0 என்று நொறுங்கியது. பயிற்சியாளர் இன்சாகி விலகினார். கிளப் முதலில் தேடியது கோமோ அணியின் பயிற்சியாளர் ஃபாப்ரிகாஸை, கோமோ விடவில்லை. அடுத்த பெயர் கிவு. பதின்மூன்று ஆட்ட அனுபவம் இவ்வளவு பெரிய கிளப்புக்குப் போதுமா என்று கேட்டார்கள். அந்தக் கணக்கில் அவர் பயிற்சி கொடுத்த நான்கு இளையோர் அணிகளை யாரும் சேர்க்கவில்லை.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை. அணி இன்னும் மியூனிக் தோல்வியிலிருந்து எழவே இல்லை. உராவாவுக்கு எதிரான ஆட்டத்தில் கூடுதல் நிமிடத்தில் வெற்றிக் கோல் போட்டவர் வாலெண்டின் கார்போனி, நீண்ட முழங்கால் காயத்திலிருந்து திரும்பியிருந்தவர். ரிவர் பிளேட்டுக்கு எதிராக முதல் கோல் பியோ எஸ்போசிட்டோ. இருவரும் கிவுவின் பிரிமவேராவில் ஆடியவர்கள். ஐந்து நாள் கழித்து ஃப்ளுமினென்ஸிடம் 2-0 என்று தோற்று வெளியேறினார்கள். இருக்க விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்று கேப்டன் லௌதாரோ மார்டினெஸ் வெளிப்படையாகச் சொன்னார். கோப்பை எதுவும் கிடைக்காத ஒரு பருவத்தின் முடிவில் களைத்துப் போன மூத்த தொழிலாளர்களும், அவர்களுக்குள் ஒரு சண்டையும், பெஞ்சில் தான் வளர்த்த சில பிள்ளைகளும். கிவுவுக்குக் கிடைத்த புது ஷிஃப்ட் அப்படித்தான் தொடங்கியது.