ஆக்சுவரி ஆனது எப்படி: தேர்வுகளும் அதன் பின்னான வேலையும்

காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றில் எதிர்கால அபாயத்தையும் அதற்கு ஒதுக்க வேண்டிய பணத்தையும் கணக்கிடுபவர்தான் ஆக்சுவரி. அந்தப் படிப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்: எத்தனை தேர்வு, எத்தனை வருஷம்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். நான் படித்தது பிரிட்டனின் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் பாடத்திட்டம். சிஎஸ்1, சிஎஸ்2 இரண்டும் புள்ளியியல். சிஎம்1, சிஎம்2 ஆக்சுவரி கணிதம். நிதி, பொருளாதாரம், மேலாண்மைக்கு மூன்று பாடங்கள். பிறகு ஆக்சுவரி நடைமுறை, மாடல் தயாரிப்பு, தகவல் தொடர்பு என்று இன்னும் மூன்று. இவற்றோடு வேலை அனுபவமும் சேர்ந்தால் அசோசியேட் என்ற முதல் தகுதி. முழுத் தகுதியான ஃபெலோ ஆக வேண்டுமென்றால் சிறப்புப் பாடங்களில் இரண்டும், அதற்கும் மேலான நிலையில் ஒன்றும் தேற வேண்டும். அமெரிக்காவில் வழி வேறு. ஆயுள், மருத்துவம், ஓய்வூதியத் துறைகளுக்கு சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ். வாகனம், வீடு போன்ற பொதுக் காப்பீட்டுக்கு கேஷுவல்டி ஆக்சுவேரியல் சொசைட்டி. நிகழ்தகவு, நிதிக் கணிதம் என்ற தொடக்கத் தேர்வுகள் இரண்டுக்கும் பொது.

எத்தனை வருஷம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறைதான். பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான். ஒரு தாள் கைவிட்டுப் போனால் அடுத்த வாய்ப்புக்கு ஏறக்குறைய அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குச் சில தாள்களில் விலக்கு கிடைக்கும்.

இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனது சிஎம்1 படிக்கும்போதுதான். அந்தப் பாடம் முழுக்க இரண்டே விஷயங்கள்: பணத்தின் மதிப்பு காலத்தோடு எப்படி மாறுகிறது, மனிதர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து ஒருவருக்கு ஒரு லட்சம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். வருஷம் 7 சதவீத வட்டி கிடைக்கும் என்று நம்பினால் இன்று ஒதுக்க வேண்டியது 13,137. வட்டி 4 சதவீதம்தான் என்றால் 30,832. வாக்கு மாறவில்லை, தர வேண்டிய தொகையும் மாறவில்லை. வட்டியைப் பற்றிய நம் கணிப்பு மட்டும் மூன்று புள்ளி இறங்கியது, தேவைப்படும் பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இதைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு அனுமானத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

சிஎஸ்2-இல் கோம்பெர்ட்ஸ் விதி வரும். நடுவயதுக்குப் பிறகு இறப்பு அபாயம் வயதோடு கூட்டு வட்டி போலப் பெருகுகிறது என்று பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-இல் எழுதினார். இருநூறு வருஷம் ஆகியும் அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறோம். புள்ளியியல் தாள்களில் ஒரு பகுதியை ஆர் என்ற கணினி நிரல் மொழியிலும், கணிதத் தாள்களில் ஒரு பகுதியை எக்செல்லிலும் செய்ய வேண்டும். ஆகவே சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் மட்டும் போதாது, கணினியில் கை ஓட வேண்டும்.

ஆக்சுவரி நடைமுறைத் தாள்தான் என்னை அதிகம் பிழிந்தது. அதில் சூத்திரமே கிடையாது என்று சொல்லலாம். ஒரு நிறுவனம் புதிதாக ஒரு பாலிசி கொண்டுவரப் போகிறது, என்னென்ன யோசிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள். புத்தகத்தில் உள்ள பட்டியலை அப்படியே கொட்டினால் மதிப்பெண் வராது. கேள்வியில் சொன்ன நிறுவனத்துக்கு, அந்த வாடிக்கையாளருக்கு, அது எப்படிப் பொருந்துகிறது என்று எழுத வேண்டும். எனக்கு உதவிய முறை இது: ஒவ்வொரு கேள்வியையும் பாலிசி எடுத்தவர், பங்குதாரர், ஒழுங்குமுறை அமைப்பு, விற்பனை செய்பவர் என்று நாலு பேர் இடத்திலும் நின்று வாசிப்பேன். ஒவ்வொருவருக்கும் எது பயம், எது லாபம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு அப்புறம்தான் விடை எழுதத் தொடங்குவேன். பழைய வினாத்தாள்களோடு தேர்வாளர் அறிக்கைகளும் வெளியாகின்றன. மாணவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று அவற்றில் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய குறிப்புகளைவிட அந்த அறிக்கைகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஆரம்ப வருஷங்களில் பெரும்பகுதி நேரம் தரவுக்கே போகும். பிறந்த தேதி இல்லாத பாலிசிதாரர்கள், 01-01-1900 என்று பதிவான தேதிகள், கணக்குப் பிரிவின் தொகையோடு ஒத்துவராத கிளெய்ம் கோப்புகள். இதைச் சலிப்பான வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடித்தளத்துத் தரவு தவறென்றால் மேலே கட்டும் மாடல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

அதற்கு அடுத்த கட்டம் அனுமானங்களை முடிவுசெய்வது. இங்கே உள்ளுணர்வு அடிக்கடி தோற்கும். பாலிசியைப் பாதியில் விடுபவர்கள் அதிகமானால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் சில நீண்டகாலப் பாலிசிகளில் பலர் பாதியில் விலகுவார்கள் என்று நம்பியே பிரீமியத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். எல்லோரும் கடைசிவரை கட்டினால் அங்கேதான் நஷ்டம். இன்னொன்று, பிரீமியம் ஏறும்போது முதலில் விலகுவது ஆரோக்கியமானவர்கள். உடம்பு சரியில்லாதவர்கள் விட மாட்டார்கள்.

அனுமானம் தவறும்போது என்ன ஆகும் என்பதற்கு நான் இளையவர்களிடம் எப்போதும் சொல்வது பிரிட்டனின் ஈக்விட்டபிள் லைஃப் கதையை. 1762-இல் தொடங்கிய நிறுவனம். வயதைப் பொறுத்துப் பிரீமியத்தைக் கணித முறைப்படி நிர்ணயித்த முன்னோடி, ஆக்சுவரி என்ற பதவிப் பெயரே அங்கேதான் இந்தத் தொழிலுக்கு வந்தது. பிற்காலத்தில் ஓய்வூதியப் பாலிசிகளில், சேர்ந்த பணத்துக்கு வருஷாவருஷம் இவ்வளவுக்குக் குறையாமல் தருவோம் என்று குறைந்தபட்ச ஆண்டுத்தொகை விகிதத்துக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். வட்டி உயரத்தில் இருந்தவரை அந்த உத்தரவாதத்துக்குச் செலவில்லை. 1990-களில் வட்டி இறங்கியது, மக்கள் வாழும் காலமும் கூடியது. உத்தரவாதம் இருந்தவர்களுக்கு போனஸைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். அது செல்லாது என்று 2000 ஜூலையில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் புதிய பாலிசி விற்பதையே நிறுத்திவிட்டார்கள். வட்டி, ஆயுள்: சிஎம்1-இல் படித்த அதே இரண்டு விஷயங்கள்!

அதனால்தான் தகவல் தொடர்புப் பாடத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். போனஸ் ஏன் குறைந்தது என்பதைக் கணிதம் தெரியாத பாலிசிதாரருக்குக் கடிதமாக எழுதச் சொல்வது போன்ற பயிற்சிகள் அதில் உண்டு. இன்று என் வேலையில் பாதி அதுதான். இந்த உத்தரவாதத்தின் விலை இவ்வளவு, இதை இப்போதே ஒதுக்கியாக வேண்டும் என்று, லாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இயக்குநர்களிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காத எண்ணாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பணம் வந்து சேர வேண்டியவர் அந்த அறையில் இருக்கவே மாட்டார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் புள்ளியியல், கணிதத் தாள்களில் ஒன்றிரண்டை எழுதிப் பாருங்கள், இது நமக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒத்துவந்தால் சீக்கிரம் வேலைக்குச் சேருங்கள். தாள்களை மட்டும் அடுக்கிக்கொண்டு அனுபவமில்லாமல் போனால் நேர்காணலில் தயங்குவார்கள், நடைமுறைத் தாளும் பிடிபடாது. வேலையில் ஒரு கிளெய்ம் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தாளின் கேள்விகள் வேறு மாதிரி தெரியும்.