பேரன்ஸ் கோர்ட்டில் நான் வைத்த அபாஸ்ட்ரஃபி

"செக் பண்ணித்தான் சார் விட்டேன்" என்றாள் ஆங்கிலப் புத்தகங்களை எடிட் செய்யும் அந்தப் பெண். அதைக் கேட்ட பிறகும் அவள் கணக்கில் ஒரு எரர் போட்டேன்.

லண்டன் சுரங்க ரயில் பற்றிய அத்தியாயம் அது. ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட் இரண்டும் பிக்காடிலி லைனில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். முதல் பெயரில் எஸ்ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி (’) குறி இருந்தது, அடுத்ததில் இல்லை. ஒரே வரியில் இப்படி இருந்தால் எடிட் செய்ததைச் சரிபார்க்கும் க்யூசி வேலை பார்ப்பவனுக்கு உறுத்தாதா? இரண்டாவதிலும் குறியை வைத்தேன்.

"மேப்லயே அப்படித்தான் சார் இருக்கு."

"மேப் போடுறவங்க தப்பு பண்ண மாட்டாங்களாம்மா? உடைமைன்னா குறி வரணும்."

விதியைத்தானே சொன்னேன் என்று இன்றும் தோன்றும். தமிழில் 'உடைய' என்று உருபே வேலையை முடித்துவிடுகிறது. அதனால் நம்மவர்களுக்கு இந்தக் குறி எளிதில் பிடிபடுவதில்லை. 'அதனுடைய' என்ற பொருளில் வரும் இட்ஸுக்குக் குறி கிடையாது, 'இட் இஸ்' சுருங்கி வந்தால்தான் உண்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! கறாராக இருந்தால்தான் மனதில் நிற்கும்.

ஆனால் இது இலக்கணமே இல்லை, பெயர். வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-ல் தன் பெயரிலிருந்த குறியை எடுத்துவிட்டதைச் செய்தியில் படித்தவன்தான் நான். பெயரை அதன் சொந்தக்காரர் எழுதுகிறபடியேதான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் ஓரத்தில் ஆத்தரிடம் கேட்டு ஒரு க்வெரி போட்டிருக்கலாம்தான். ஆனால் என் முகத்துக்கு நேராகவே சொன்னாளே.

அச்சுக்கு முன் பார்வைக்குப் போன ப்ரூஃபில் ஆத்தர் அந்தக் குறியை அடித்துவிட்டார். பக்கத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கணக்கில் ஏறிய எரர் அப்படியே நின்றது. மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மெயில் போட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள். ஆத்தர் அடித்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

ப்ரூஃப் வருவதற்கு முன்பே இன்னொன்று நடந்தது. அதுதான் அதிகம் அறுக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் செயின்ட் ஜேம்ஸஸ் பார்க் ஸ்டேஷன் வந்தது. "குறி வைக்கவா சார்?" என்று என் மேஜைக்கு வந்து கேட்டாள். மேப்பைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

"வைம்மா" என்றேன். அந்தப் பெயரில் குறி உண்டு, அதனால் அது சரியாகவே போயிற்று.